வெறுங்கால் துறவி யோசே வாஸ்

போப்பாண்டவர்களின் பயணப் பட்டியலில் நம் பெங்களூருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. 1964 டிசம்பரில் வந்த ஆறாம் சின்னப்பர் பம்பாயோடு திரும்பிவிட்டார். 1986 பிப்ரவரியில் வந்த இரண்டாம் அருள் சின்னப்பர் பத்து நாள் நாட்டைச் சுற்றினார். சென்னையில் பரங்கிமலைக்கும் மயிலைச் சாந்தோமுக்கும் சென்றார், கோவாவுக்குச் சென்றார், நம் மாநிலத்து மங்களூருக்கும் வந்தார். 1999-இல் மறுபடி வந்தபோது தில்லியோடு நின்றுகொண்டார். சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழாவுக்குச் செப்டம்பர் 8-ஆம் நாள் காவியுடுத்தித் திரளும் நம் தமிழ் மக்களுக்கு இதில் சிறிது மனக்குறை இருக்கலாம். இருக்கட்டும்.

இப்பயணங்களில் நான் கவனிப்பது கூட்டத்தையன்று, இடங்களையே. உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவராய் இருப்பவர் ஒரு நாட்டில் இரண்டு மூன்று நாளே தங்குகிறார். அந்தச் சிறு பொழுதில் எந்த ஊருக்குப் போகிறார், எந்தப் பீடத்தின்முன் நிற்கிறார் என்பது அவர் ஆற்றும் உரையைவிட மிகுதியாகப் பேசிவிடும். 2015 ஜனவரியில் போப் பிரான்சிசு இலங்கைக்கு வந்தார். ஜனவரி 14 காலையில் கொழும்புக் காலிமுகத் திடல். அன்று பிற்பகல் ஹெலிகாப்டரில் மன்னார்க் காட்டினுள் இருக்கும் மடு. ஒன்று தலைநகரின் கடற்கரை வெளி. மற்றொன்று உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்த வனக்கோயில். இவ்விரண்டையும் ஒரே நாளில் இணைத்தவர் யார்? முந்நூறு ஆண்டுகளுக்குமுன் கண்டியில் இறந்த ஒரு கொங்கணி மனிதர். யோசே வாஸ் என்பது அவர் பெயர். ஈழத்துத் தமிழர் அவரை யோசேவாஸ் முனிவர் என்று அழைக்கின்றனர்.

தமிழகத்து மாணவர்களாகிய நமக்கு வீரமாமுனிவரைத் தெரியும். தத்துவ போதகரைத் தெரியும். ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரைத் தெரியும். மூவரும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதே நூற்றாண்டில் நம் நிறத்தவரான ஒருவர், நம் கடற்கரை வழியாகவே நடந்து வந்து, தமிழ் கற்று, தமிழரிடையே ஒளிந்து வாழ்ந்தார். அவரை நாம் அறியாதிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சமய நூல்களில் அவர் புனிதர். நானோ வரலாறு பயிலும் மாணவன். ஆகவே மனிதராகவே அவரைப் பார்த்து எழுதுகிறேன்.

1651 ஏப்ரல் 21-ஆம் நாள், கோவாவின் தென்பகுதியான சால்செட்டில், பெனௌலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அது தாயின் ஊர். தந்தையின் ஊர் சங்க்வாள். கிறித்தவம் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பம். சங்க்வாளில் போர்த்துக்கீச மொழியும் பெனௌலிமில் இலத்தீனும் படித்தார். பின்பு கோவா நகரத்தில் இயேசு சபையாரின் கல்லூரியிலும், தோமினிக்கன் சபையாரின் கல்விக்கூடத்திலும் பயின்றார். 1676-இல் குருவானார்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். கோவாவில் அக்காலத்தில் உள்நாட்டார் குருவாகலாம். ஆனால் ஐரோப்பியரின் துறவறச் சபைகளில் அவர்களுக்குப் பொதுவாகக் கதவு திறக்காது. பட்டம் பெற்றாலும் இரண்டாம் படியிலேதான் நிற்கவேண்டும். மதம் ஒன்றானாலும் தோல் ஒன்றாகவில்லை. வாஸ் இதை எதிர்த்து முழக்கமிட்டதாகச் செய்தியில்லை. சங்க்வாளில் ஒரு இலத்தீன் பள்ளி தொடங்கினார். 1677-இல் தன்னை மரியன்னைக்கு அடிமையாக எழுதிக்கொடுத்து ஓர் அடிமைச் சாசனம் எழுதினார். ஊர் ஊராகச் செருப்பின்றி நடந்தார். அந்த வெறுங்கால் நடை கடைசிவரை நிற்கவில்லை.

அப்போதே அவர் மனம் இலங்கையில் இருந்தது. காரணம் இதுதான். ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும், 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்டனர். அவர்கள் கால்வினியச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் அனைவரையும் வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறப்பித்தனர். கோயில்களைத் தம் சபைக் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றினர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பகலில் ஒல்லாந்தர் பள்ளியில் பெயர் பதிந்துவிட்டு, இரவில் வீட்டுக்குள் செபமாலை உருட்டினர். ஏறத்தாழ முப்பது ஆண்டு அவர்களிடையே ஒரு குருகூட இல்லை. முப்பது ஆண்டு என்றால் ஒரு தலைமுறை. பாட்டி சொல்லிக்கொடுத்ததைப் பேரன் ஒப்பிப்பதே சமயமாக இருந்தது.

இச்செய்தி கோவாவை எட்டியது. போகிறேன் என்றார் வாஸ். மேலிடத்தார் 1681-இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். மங்களூர், பசரூர், கல்யாண்பூர், கங்கொள்ளி என்று நம் மாநிலத்துக் கடலோரம் முழுவதும் அவர் நடந்தார். அந்நாடு அப்போது கெளதி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. சிவாஜியின் மகன் இராசாராமுக்குப் பின்னாளில் அடைக்கலம் தந்தாளே அரசி சென்னம்மா, அவள் ஆண்ட காலம். அங்கே ஒரு சிக்கல். உரோமாபுரி அனுப்பிய மேற்றிராணியார் ஒருவர். போர்த்துக்கல் அரசனின் உரிமையைக் காக்கும் கோவா அதிகாரம் ஒன்று. யார் சொல்லைக் கேட்பது என்று மக்கள் இரண்டுபட்டு நின்றனர். இரண்டு தரப்பாரிடமும் மனம் கோணாமல் பேசி, மக்களின் பூசையும் ஞானஸ்நானமும் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார் வாஸ். பாழாய்க் கிடந்த கோயில்களை எடுத்துக் கட்டினார், பள்ளிகள் திறந்தார். மங்களூருக்கு அருகில் முடிப்பு என்னும் குன்றில் அவர் கோலை ஊன்றிய இடத்தில் நீர் சுரந்தது என்று மரபு. இன்றும் அங்கே மக்கள் செல்கின்றனர். நம்மிடமிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவுதான்.

1684-இல் கோவா திரும்பினார். மறு ஆண்டு, உள்நாட்டுக் குருக்கள் சிலர் பழைய கோவாவில் ஒரு குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலில் கூடி வாழத் தொடங்கியிருந்தனர். அவர்களோடு சேர்ந்தார். விரைவிலே அவரையே தலைவராக்கினார்கள். உரோமையில் பிலிப் நேரி ஏற்படுத்திய ஒரட்டோரியச் சபையின் விதிகளை அக்கூட்டத்தார் ஏற்றனர். ஐரோப்பியர் எவரும் இல்லாமல் இந்தியரே நடத்திய துறவுக் கூட்டம் அது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இலங்கையைக் காத்தது அந்த வீடுதான்.

1686-இல் வாஸ் தலைமைப் பதவியை விட்டுப் புறப்பட்டார். கூடவே ஜான் என்னும் ஓர் இளைஞன், பணியாளாக. மேற்குக் கரை வழியே இறங்கி, 1687 தொடக்கத்தில் தூத்துக்குடி வந்தனர். அதுவும் ஒல்லாந்தர் கைவசம். பரதவர் நடுவே ஒளிந்திருந்து தமிழைப் பழகினார். பிறகு, குருவின் அங்கியைக் களைந்து, கூலிக்காரனைப்போல் அரையில் துண்டு கட்டிக்கொண்டு கப்பலேறினார். கொங்கணிப் பிராமணக் குலத்தில் பிறந்தவர், கல்லூரியில் இலத்தீன் கற்றவர், சாக்குமூட்டைகளுக்கு நடுவே கூலியாளாய் உட்கார்ந்தார். அவரைச் சோதித்த அதிகாரி எதைக் கண்டான்? கறுத்த உடலையும் கிழிந்த துணியையும் கண்டான். போ என்று விட்டுவிட்டான். கோவாவில் அவரை இரண்டாம் படியில் நிறுத்திய அதே நிறம் யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கவசமாயிற்று. வெள்ளைக் குரு ஒருவர் அத்துறையில் இறங்கியிருந்தால் ஒரு நாழிகையில் பிடிபட்டிருப்பார்.

கடல் கொந்தளித்தது. பட்டினியும் சீதபேதியுமாய் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். தொற்றுநோய் என்று அஞ்சிய ஊரார் இருவரையும் ஒதுக்கிவிட்டனர். ஒரு பெண் மட்டும் நாள்தோறும் மறைவாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவள் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இலங்கையின் அப்போஸ்தலர் என்று பிற்காலம் போற்றுகிறதே, அவர் அந்தக் கஞ்சியால்தான் பிழைத்தார். இவ்வரலாற்றில் எத்தனையோ அதிசயங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு இந்தக் கஞ்சிச் சட்டியே பெரிது.

எழுந்து நடமாட முடிந்ததும் அவருக்கு ஒரு புதிய கவலை. கத்தோலிக்கர் யார், அல்லாதவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஆகவே கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அரிசி இட்டவர்களின் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது? ஒரு வீட்டில் அம்முகம் கிடைத்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். குரு ஒருவர் வந்தால் உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று அவ்வீட்டார் கூறவே, தாமே குரு என்று வெளிப்படுத்தினார். நாடகத்தில் வைத்தால் நம்பமாட்டோம். வாழ்க்கையில் நடந்திருக்கிறது.

பின்பு சில்லாலைக்குப் போனார். யாழ்ப்பாணத்திற்கு வடமேற்கே உள்ள அவ்வூருக்குச் சின்ன உரோமாபுரி என்று பெயர். ஊரே கத்தோலிக்கம், ஊரே வாய் திறவாது. ஏறத்தாழ இரண்டாண்டு அதுவே அவருக்கு அரண். பகலில் உறக்கமும் படிப்பும். இரவில் நடையும் பூசையும். ஓர் ஊரில் திருப்பலி முடித்து விடியுமுன் அடுத்த ஊரில் இருப்பார். முப்பது ஆண்டுப் பாவசங்கீர்த்தனம் காத்துக்கிடந்தது. கிழவர்கள் அழுதிருக்கமாட்டார்களா?

1689-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் மறைவாகக் கூடி நள்ளிரவுப் பூசைக்குக் காத்திருந்த மக்களை ஒல்லாந்துச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டனர். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாய்ப் பலர் பிடிபட்டனர். வாஸ் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் சிலரை ஒல்லாந்துத் தளபதி கசையால் அடிப்பித்தான். அவர்களில் தொன் பேத்ரு என்பவர் முன்பு ஒல்லாந்தர் சபையில் இருந்து, பிறகு கத்தோலிக்கம் தழுவியவர். அவர் மீதுதான் கோபம் மிகுதி. அடிபட்டே அவர் இறந்தார். மற்றவர்களைச் சிறையில் தள்ளினார்கள்.

இவ்விடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். தேடப்பட்டவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர். குரு தப்பினார், அடியார் மாண்டார். இதை எளிதாகத் தாண்டிச் செல்லும் வரலாறுகள் உண்டு. இறைவன் அவரைப் பகைவர் கண்ணுக்கு மறைத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தாமே போய்த் தளபதியிடம் சரணடைந்திருந்தால் பேத்ரு பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். ஆனால் தீவில் இருந்த ஒரே குருவும் தொலைந்திருப்பார். யாருக்காக அம்மக்கள் கசைக்கு முதுகு காட்டினார்களோ அதுவே இல்லாமற் போயிருக்கும். இரண்டு பக்கமும் முள். இத்தகைய கணக்கை எந்தத் தராசிலும் நிறுக்க இயலாது என்றே எண்ணுகிறேன். மூன்றாண்டு கழித்து, 1693 பிப்ரவரியில், மறவர் சீமையில் அருளானந்தர் தம் கழுத்தைக் கொடுத்தார். அவ்வாறு இறப்பது ஒரு வீரம். பிறர் இறக்க, அந்தச் சுமையோடு இன்னும் 21 ஆண்டு உயிர் வாழ்ந்து உழைப்பது வேறொரு வகை. இரண்டாவதற்குச் சிலை வைப்பது கடினம்.

வாஸ் யாழ்ப்பாணத்தில் இனி இருக்கமுடியாது என்று உணர்ந்தார். 1690-இல் புத்தளம் சென்றார். அது கண்டி அரசனின் நாடு. ஒல்லாந்தர் கை அங்கே நீளாது. அங்கிருந்து 1692-இல் மலைநாட்டுத் தலைநகரான கண்டிக்கே போனார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்தன். அரசவையில் இலனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். தம் நாட்டுக் கத்தோலிக்கரோடு பகைகொண்ட புரொட்டஸ்டாண்டுச் சமயத்தவர். வருகிறவர் குருவல்லர், போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று அவர் மூட்டிவிட்டார். அவ்வளவுதான், கண்டிக்குள் நுழைந்த வாஸ் சிறைக்குள் நுழைந்தார்.

சிறையில் என்ன செய்தார்? சிங்களம் படித்தார்! காவலர் வாயிலிருந்தே மொழியைக் கறந்தார். முற்றத்தில் ஓலைக்குடில் ஒன்று கட்டி, அதில் பீடம் அமைத்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பூசையை நிறைவேற்றினார். ஒற்றன் எவனும் இப்படிப் பொழுது போக்கமாட்டான் என்று காவலருக்கே தோன்றியிருக்கும். மெல்லக் கட்டுத் தளர்ந்தது. பிறகு நாட்டில் மழை பொய்த்தது. அரசன் எல்லாச் சமயத்தாரையும் வேண்டச் சொன்னான். வாஸ் நாற்சந்தியில் சிலுவை நாட்டி முழங்காலிட்டு வேண்ட, மழை கொட்டியது. அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்பர். நான் இதற்குச் சாட்சி சொல்லமுடியாது. ஆனால் அதன்பின் அரசன் அவருக்கு நாடெங்கும் சென்று போதிக்க உரிமை கொடுத்தான் என்பது வரலாறு.

அரசனின் மனத்தை முழுதும் வென்றது 1697-இல் நடந்த நிகழ்ச்சி. கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றார்கள். நோயுற்றவர்களை உற்றாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அவ்வாண்டுதான் கோவாவிலிருந்து வாஸுக்குத் துணையாய் ஒரட்டோரியக் குருமார் வந்து சேர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான கர்வாலோவும் வாஸும் காடு மேடெல்லாம் தேடி நோயாளிகளைத் தூக்கிவந்து, ஆளற்ற வீடுகளையே மருத்துவமனையாக்கினர். கழுவினர், ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். யார் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. அந்தத் துறவி இல்லையேல் தலைநகரத் தெருக்கள் பிணக்காடாகியிருக்கும் என்று அரசன் பின்னர்ச் சொன்னதாகக் குறிப்பு உண்டு. அம்மை வரலாற்றைத் தமிழகத்தில் நாம் மாரியம்மன் கோயிலோடு சேர்த்தே நினைப்போம். கண்டியிலோ அது ஒரு கொங்கணித் துறவியோடு சேர்ந்திருக்கிறது.

ஆள் சேர்ந்ததும் பணி பெருகியது. ஒல்லாந்தர் பிடியிலிருந்த கொழும்புக்கே மாறுவேடத்தில் சென்று திரும்பினார். கிழக்கே திரிகோணமலை, மட்டக்களப்பு. வடக்கே மன்னார் என்று எல்லாம் கால்நடை. செபங்களையும் மறைக்கல்வியையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தார். குருவில்லாத ஊர்களில் அவற்றைச் சொல்லிக்கொடுக்க அண்ணாவி ஒருவரை அமர்த்தினார். குரு பிடிபட்டாலும் சமயம் நிற்கவேண்டும் என்னும் திட்டம் இது. கிறிஸ்துமஸ் இரவின் பாடம் வீண்போகவில்லை. போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுவையில் இருந்தபோது இவருக்கு மேற்றிராணியார் பதவி தர எண்ணினார். வேண்டாமென்று விலகிக்கொண்டார்.

மொழிப் பணியில் அவருக்கு வாய்த்த தோழர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவின் திவார்த் தீவில் பிறந்தவர், 1705-இல் வந்தார், 1742-இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் நூல் நூலாக எழுதித் தள்ளினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துத் தமிழ்க் கோயில்களில் உருக்கமாய் வாசிக்கப்பட்டு வந்த உரைநடை நூல். இங்கே வீரமாமுனிவர் தமிழுரைநடைக்குப் பாதை வெட்டிய அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் கொங்கணி நாவொன்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் முன்னவருக்கு அதிகாரம் ஒதுக்கும். பின்னவருக்கு வரிகூட ஒதுக்குவது அரிது. நம் சங்கத்தில் முதுகலைத் தமிழ் படிக்கும் நண்பர் யாராவது இதை ஆய்வுப் பொருளாக எடுத்தால் நான் மகிழ்வேன்.

1707-இல் விமலதர்மசூரியன் இறந்தான். அவன் மகன் நரேந்திரசிங்கனும் வாஸிடம் அன்பு காட்டினான். உடல்தான் தேய்ந்துவிட்டது. 1711 ஜனவரி 16-ஆம் நாள் இரவில், கண்டியில், 59-ஆம் வயதில் வாஸ் கண் மூடினார். இலங்கைக்கு வந்து 24 ஆண்டு. ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பவில்லை. ஒரு குருவும் இல்லாத தீவில் தனியாளாய் இறங்கியவர், எழுபதாயிரம் கத்தோலிக்கரையும், 15 கோயில்களையும், நானூறு சிற்றாலயங்களையும் விட்டுச் சென்றார் என்று திருச்சபை நூல்கள் கணக்குத் தருகின்றன. பௌத்த மன்னன் தன் பிரபுக்களை அடக்கத்திற்கு அனுப்பிவைத்தான்.

ஒல்லாந்தர் 1796 வரை கடற்கரையை ஆண்டனர். கல்வி, உத்தியோகம், நில உரிமை எல்லாம் தம் சபையாருக்கே என்று வைத்திருந்தனர். அவர்கள் போனதும் என்ன நடந்தது? ஏட்டில் இருந்த சபையார் பல்லாயிரவர் மறைந்துபோயினர்; ஏட்டில் இல்லாத கத்தோலிக்கர் வெளியே வந்தனர். 1806-இல் ஆங்கில ஆளுநர் மெய்ட்லண்டு பழைய தடைச் சட்டங்களை நீக்கினார்.

இனிப் போப்பாண்டவர் பயணங்களுக்கு வருகிறேன். 1970 டிசம்பர் 4-ஆம் நாள் ஆறாம் சின்னப்பர் சில மணி நேரம் கொழும்பில் இறங்கினார். 1995 ஜனவரி 21-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் காலிமுகத் திடலில் வாஸை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தார். அப்பயணம் மனத்தாங்கலோடு நடந்தது. பௌத்தம்பற்றி அவர் தம் நூலொன்றில் எழுதியிருந்ததற்காகப் பிக்குகள் பலர் அவரைச் சந்திக்க மறுத்தனர். பௌத்த மன்னன் காத்துப் போற்றிய ஒருவரைச் சிறப்பிக்கும் விழா அது என்பதை நினைக்கையில், இது ஒரு விந்தையே. 2015-இல் வந்த பிரான்சிசு அதே திடலில், இரண்டாவது புதுமை வேண்டும் என்னும் விதியைத் தளர்த்தி, வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலையே, முன்திட்டத்தில் இல்லாதபடி, கொழும்பில் ஒரு பௌத்த விகாரைக்கும் சென்றுவந்தார்.

நடுவே மடு. ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து 1670-இல் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய மக்கள் ஏற்படுத்திய இடம் அது. வாஸ் முனிவர் அங்கே தங்கிச் சென்றார் என்பது மக்கள் மரபு. தமிழரும் சிங்களவரும் ஒரே கூரையின்கீழ் வேண்டும் கோயில். 1999 நவம்பரில் அகதிகள் தஞ்சமிருந்த அக்கோயில் வளாகத்தில் எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2008-இல் போர் நெருங்கியபோது சுருவத்தை மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. 338 ஆண்டு இடைவெளியில் அதே ஓட்டம்! சில மாதங்களில் சுருவம் திரும்பிற்று. 2015-இல் போப்பாண்டவர் வந்தபோது, இரு மொழியினரிலும் போரில் உறவை இழந்த குடும்பங்களை அவர்முன் அமர்த்தியிருந்தனர். தேர்தலில் ஆட்சி மாறி ஒரு வாரமும் ஆகாத நாள் அது.

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து நம் நகரத்தில் படிக்கும் நண்பர் ஒருவர், அன்று அங்கே நின்றவர். ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதியைத்தான் அவர் முதலில் சொன்னார். பிறகு, தம் பாட்டி முந்திய நாளே நடந்து போய் இடம் பிடித்திருந்ததைச் சொன்னார். செருப்பில்லாமல்தானே என்று கேட்டேன். மடுவுக்குச் செருப்போடு யார் போவார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வாஸின் கல்லறைக்குப் போப்பாண்டவர் எவரும் சென்றதில்லை, செல்லவும் வழியில்லை. கண்டிக் கோயிலில்தான் அவரை அடக்கம் செய்தனர். அடுத்த மன்னன் காலத்தில், 1740-களில், குருமாரைத் துரத்திக் கோயிலை இடித்தார்கள். அவர் உடல் எந்த மண்ணுக்கடியில் கிடக்கிறதென்று இன்றுவரை அடையாளம் காணவில்லை. கோவாவின் ஒரட்டோரியச் சபையும் 1834-இல் போர்த்துக்கல் அரசு துறவுச் சபைகளைக் கலைத்தபோது மறைந்தது. தொன் பேத்ருவுக்கும் கல்லறை இல்லை. ஆண்டுதோறும் ஜனவரி 16-இல் வாஸுக்குத் திருநாள் நடக்கிறது. முடிப்பிலும், சில்லாலையிலும், கண்டியிலும்.